57 வயதில் மீண்டும் சைக்கிள்: அஞ்ச வேண்டியது முழங்காலுக்கு அல்ல, வெறும் வயிற்றுக்கு

பினாங்கு, குளுகோரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 57. சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டிய அப்பாவின் பெரிய சைக்கிளில், இருக்கை எட்டாத வயதில், குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர். இடைநிலைப் பள்ளி முடியும்வரை சைக்கிளில்தான் போய்வந்தார். பிறகு பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை வேலை கிடைத்தது; தொழிற்சாலை பஸ் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிச் சென்றது. திருமணம், இரவு ஷிப்டு, பிள்ளைகள் என்று ஆண்டுகள் ஓடின. சைக்கிளைத் தொட்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கடந்த ஆண்டு வேலையிலிருந்து விலகியிருக்கிறார்.

ஒன்பது ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. மெட்ஃபார்மின், கிளிக்கிளாசைடு ஆகிய இரண்டு மாத்திரைகளையும் காலையிலும் இரவிலும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.9 சதவீதம். வலது முழங்கால் படியேறும்போது வலிக்கிறது. எக்ஸ்ரேயில் ஆரம்ப நிலைத் தேய்மானம் தெரிந்ததாம். இரவில் பாதங்களில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று ஒரு வரி.

உறவினரின் மகன் பயன்படுத்திய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கி, இரண்டு மாலைகள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு பாதங்களும் தரையில் படியும்படி இருக்கையை முழுவதும் இறக்கி வைத்தார். இரண்டாம் நாள் இறங்கும்போது கால் கம்பியில் இடித்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். "விழுவதற்குச் சற்று முன்பே கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, கண் லேசாக மங்கியது. பயந்துவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஒரு மைலோ குடித்ததும் சரியாகிவிட்டது" என்கிறார். அன்று மதியம் கொஞ்சம் சோறு, அதன்பின் ஒன்றுமில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் மகன், "அதை விற்றுவிடுங்கள், வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் வாங்கித் தருகிறேன்" என்கிறார். கணவர், "இந்த வயதில் எதற்கு?" என்கிறார். கோயிலில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆகவே யாரும் பார்க்காதபடி காலை ஐந்தரை மணிக்கு, மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் கடலோரப் பாதையில் குவீன்ஸ்பேவரை போய்வரத் திட்டமிட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் மிதித்தால் சர்க்கரை நன்றாகக் கரையும், சில மாதங்களில் மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. என்றாவது ஒருநாள் பினாங்குப் பாலத்தைச் சைக்கிளில் கடந்து பட்டர்வொர்த்தில் உள்ள தங்கையைப் பார்க்க வேண்டும் என்பது ஆசை. முழங்கால் தேய்ந்துவிடுமா, இந்த வயதில் இது தகுமா, விரத நாட்களில் ஓட்டலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அம்மா, முதலில் நேரான பதில். நீங்கள் சைக்கிள் ஓட்டலாம். ஓட்ட வேண்டும் என்றே விரும்புகிறேன். 57 வயதில், இனிப்பு நீரோடும் முழங்கால் வலியோடும் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிகள் அதிகமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அஞ்ச வேண்டாத முழங்காலுக்கும் ஊர் வாய்க்கும் பக்கம் பக்கமாக அஞ்சியிருக்கிறீர்கள். உண்மையில் அஞ்ச வேண்டியதை மைலோவோடு சேர்த்து ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த நடுக்கம் பயத்தால் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை

கை நடுக்கம், திடீர் வியர்வை, பார்வை மங்கல். இனிப்பாக எதையோ குடித்ததும் தெளிவு. மதியம் குறைவாகச் சாப்பிட்டு, மாலையில் வழக்கமில்லாத உழைப்பு. கிளிக்கிளாசைடு சாப்பிடும் ஒருவர் இதையெல்லாம் சொன்னால், ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்திருக்கும் என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகிப்பார். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்க்காததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விழுந்ததற்குக் கம்பி மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். நடுக்கம் விழுவதற்கு முன்பே வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் அடுத்த முறை நீங்களே தடுத்துவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிக்கிளாசைடு வேறு வகை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். மிதிக்கும்போது தொடைத் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒன்றுசேரும்போது வயிறு காலியாக இருந்தால் ஈடுகட்ட எதுவும் இல்லை. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறாமல், ஐந்தரை மணி இருட்டில் தனியாகக் கடலோரம் செல்வது என்னும் உங்கள் திட்டத்தில் எனக்கு ஏற்புடையது எதுவுமே இல்லை. தயவுசெய்து அதை இன்றே கைவிடுங்கள்.

வெறும் வயிற்றில் சர்க்கரை நன்றாகக் கரையும் என்பது பலரும் சொல்லும் பேச்சு. சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையும் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரும் தொல்லை. சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து மிதித்தால் அந்த ஏற்றமும் தணியும், தாழ்ந்துபோகும் ஆபத்தும் குறையும். ஆகவே பசியாறிவிட்டு மிதியுங்கள்.

உங்களிடம் சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறுவதற்கு முன் பாருங்கள். லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் முதலில் ஒரு வாழைப்பழமோ இரண்டு ரொட்டித் துண்டுகளோ சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்த பிறகே வண்டியைத் தொடுங்கள். 14-ஐத் தாண்டியிருந்தாலோ, காய்ச்சல் போன்ற உடல்நலக் குறைவு இருந்தாலோ அன்று ஓட்ட வேண்டாம். 4-க்குக் கீழே போவது தாழ்நிலை. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், தடுமாற்றம் ஆகிய எது வந்தாலும் உடனே நிறுத்தி இறங்குங்கள். "அந்த மரம்வரை போய் நிற்கலாம்" என்று நினைக்காதீர்கள். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்தோ அப்படியேயோ வாயில் போடுங்கள். ஒரு சிறிய பெட்டிப் பழச்சாறும் போதும். 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் அதே அளவு இனிப்பு இன்னொரு முறை. ஏறிய பிறகு பிஸ்கட்டோ ரொட்டியோ சாப்பிடுங்கள். அன்று உங்களைக் காப்பாற்றிய மைலோவை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பாலில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை, குளுக்கோஸ், பழச்சாறு ஆகியவை விரைவாக வேலை செய்யும். சர்க்கரை இல்லாத பானங்கள் இதற்கு உதவாது. தாழ்நிலை வந்த நாளில் மறுபடி வண்டியில் ஏற வேண்டாம். தள்ளிக்கொண்டு வாருங்கள் அல்லது யாரையாவது அழையுங்கள். வழக்கத்தைவிட அதிகம் ஓட்டிய நாளில் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழலாம். படுக்கப் போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைகளை நீங்களாக நிறுத்துவது பற்றி: வேண்டாம். வாரத்தில் பல நாள் ஓட்டத் தொடங்கினால் கிளிக்கிளாசைடின் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டிவரலாம், ஒருவேளை குறைக்கவும் நேரலாம். அது நல்ல செய்தி. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் குறிப்பேட்டையும் சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளையும் கையில் வைத்திருக்கும் மருத்துவர். கடிதத்தை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்வது முறையல்ல. அடுத்த சந்திப்பு நாள் வரும்வரை காத்திருக்காமல், இந்த வாரமே உங்கள் சுகாதார கிளினிக்குக்குப் போய், அந்த மாலையில் நடந்ததை உள்ளபடி சொல்லுங்கள். பாதத்தில் ஊசி குத்துவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நரம்பு உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பாதத்தைச் சோதிக்க வேண்டும், விழித்திரைப் படமும் எடுத்து ஓர் ஆண்டு ஆகியிருந்தால் மீண்டும் எடுக்க வேண்டும். விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தால், கண் மருத்துவர் அனுமதிக்கும்வரை மூச்சைப் பிடித்து முக்கி மிதிக்கும் உழைப்பு கூடாது. நெஞ்சு இறுக்கமோ, சிறு நடையிலேயே மூச்சு வாங்குவதோ இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

முழங்கால்

சைக்கிள் முழங்காலைத் தேய்த்துவிடும் என்பது தவறான எண்ணம். நடக்கும்போதும் படியேறும்போதும் உடல் எடை முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மருத்துவர்களான நாங்களே சைக்கிளைப் பரிந்துரைக்கிறோம். தொடையின் முன் தசை வலுப்பெற வலுப்பெறப் படியேறும்போது வரும் வலியும் குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

முழங்காலைக் கெடுப்பவை இரண்டு: தாழ்ந்த இருக்கை, கனத்த கியர். இருக்கை தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. இரண்டு மாலைகளுக்குப் பிறகு முழங்காலின் முன்பக்கம் வலித்தது என்றீர்களே, காரணம் இதுவாகவே இருக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் சற்றே மடங்கிய நிலையில் இருக்கும். அதுவே உங்கள் உயரம். அந்த உயரத்தில் உட்கார்ந்தபடி இரு பாதங்களையும் தரையில் ஊன்ற முடியாது, ஊன்றவும் வேண்டாம். நிற்கும்போது இருக்கையிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றுவதே முறை.

ஆனால் பழகும் முதல் சில வாரங்களுக்கு இருக்கை தாழ்வாக இருப்பதே பாதுகாப்பு. அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. அப்போது அதிக நேரம் மிதிக்காதீர்கள், நம்பிக்கை வர வர ஒவ்வொரு விரற்கடையாக உயர்த்துங்கள். கியரை எப்போதும் இலகுவாக வையுங்கள். கால் வேகமாகச் சுழல வேண்டும், அழுத்தி உந்தக் கூடாது. ஓட்டியபின் வரும் லேசான வலி மறுநாளைக்குள் அடங்கினால் கவலை இல்லை. மூட்டு வீங்கினாலோ, பூட்டிக்கொண்டதுபோல் நின்றாலோ, நடக்கையில் மடங்கி விட்டுக்கொடுத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எலும்பு வலுவுக்குச் சைக்கிள் போதாது. மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு மெலிகிறது. அதைத் தடுக்க உடல் எடையைத் தாங்கும் உழைப்பு தேவை, சைக்கிளில் அது கிடைப்பதில்லை. நடையை விட்டுவிடாதீர்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். முன்பு எப்போதாவது சிறு சறுக்கலில் எலும்பு முறிந்திருந்தால், ஓட்டத் தொடங்கும் முன் எலும்பு அடர்த்தி பற்றிக் கேளுங்கள்.

கற்றது மறக்கவில்லை, உடல் மாறியிருக்கிறது

நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்பார்கள். அது பெரும்பாலும் உண்மை. சமநிலையைக் காக்கும் அந்த அறிவு மூளையின் ஆழத்தில், சிறுமூளையிலும் அதைச் சார்ந்த பகுதிகளிலும் பதிந்துவிடுகிறது. நாற்பது ஆண்டுகள் தொடாவிட்டாலும் சில நிமிடங்களில் திரும்பி வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கிறது, முதல் நாளே ஒரு சுற்று ஓட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. ஓட்டத் தெரிகிறதே என்ற துணிவு பதினேழு வயதில் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறது. கழுத்து அன்றுபோல் திரும்புவதில்லை. கண் இருட்டில் அன்றுபோல் பார்ப்பதில்லை. சறுக்கினால் கால் சட்டென்று ஊன்றுவதில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பெடல் எங்கே இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது.

நடுவயதில் திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுவதில்லை. ஏறும்போது, நிற்கும்போது, பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் விழுகிறார்கள். ஆகவே தூரத்தைக் கூட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் பழகுங்கள்.

முதலில் சமையலறை மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். முடியாவிட்டால் மேடையைப் பிடித்துக்கொண்டு தினமும் அதையே பழகுங்கள். சைக்கிள் சில வாரம் காத்திருக்கட்டும். முடிந்தால், சைக்கிள் கடையில் பெடல்களைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கழற்றுவதானால் இடப்பக்கப் பெடலின் திருகு எதிர்த்திசையில் சுழலும் என்பதை நினைவில் வையுங்கள். பெடல் இல்லாத வண்டியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திச் சமதளத்தில் போய்ப் பாருங்கள். உந்திவிட்டுக் கால்களைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தூரம் உருள முடிந்தால் பெடலை மாட்டலாம்.

நிற்பதைத் தனியாகப் பழகுங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று வண்டியைத் தள்ளிக்கொண்டே அழுத்திப் பாருங்கள். வண்டிக்கு வண்டி மாறும். முன் பிரேக்குக்குத்தான் நிறுத்தும் வலிமை அதிகம். அதை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் உடல் முன்னால் பாயும். இரண்டையும் சேர்த்து, மெல்ல இறுக்குங்கள். பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கு, கார் நிறுத்துமிடத்தில் நேர்க்கோட்டில் ஓட்டியபடி வலது தோளுக்கு மேலே ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புங்கள். வண்டி கோட்டை விட்டு விலகாமல் இதைச் செய்ய முடியும்வரை சாலைக்குப் போகாதீர்கள். கழுத்து ஒத்துழைக்காவிட்டால் கைப்பிடியில் கண்ணாடி பொருத்துங்கள்.

வண்டியைப் பற்றி

வாங்கிய வண்டியை விற்றுவிடுங்கள். மகன் சொல்லும் காரணத்துக்காக அல்ல, அது உங்களுக்கு ஏற்ற வண்டி இல்லை என்பதால். குறுக்குக் கம்பியைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டிய வண்டி, முழங்கால் வலியுள்ள ஒருவருக்கு ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஓர் ஆபத்து. கம்பி தாழ்ந்து வளைந்த, காலை நடுவே விட்டு ஏறக்கூடிய வண்டியாகப் பாருங்கள். கைப்பிடி நிமிர்ந்து உட்காரும்படி இருக்கட்டும்; சக்கரம் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். மடக்கு சைக்கிளும் நல்லதுதான். லிப்டில் எளிதாகப் போகும், காரில் ஏறும். ஆனால் சின்னச் சக்கரம் குழிகளில் அதிகம் குலுங்கும். பழைய வண்டி வாங்கினால் டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்; எவ்வளவு காற்று என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும்.

தலைக்கவசம் கட்டாயம் அணியுங்கள். நெற்றியை மூடும்படி, புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். ஒருமுறை அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக் கூடாது. செருப்பு வேண்டாம், மூடிய காலணி போட்டு, வீடு திரும்பியதும் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காமலே புண்ணாகிவிடும். பஞ்சாபி உடையில் ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, கால்சட்டையின் வலது விளிம்பைச் சங்கிலியில் மாட்டாமல் ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள்.

எங்கே, எந்த நேரத்தில்

ஐந்தரை மணி பினாங்கில் நல்ல இருட்டு. நம் தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1 அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்கள். தோட்டத்தில் நீங்கள் சிறுமியாகக் கண்ட விடியல் இன்றைய கடிகாரத்தில் இன்னும் தள்ளித்தான் வரும். சூரியன் எழவே ஏழு மணியாகிறது, சில மாதங்களில் ஏழரையை நெருங்குகிறது. பசியாறி, வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள். எப்போதாவது இருட்டில் சிக்கிக்கொண்டால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரிய வேண்டும், அது சட்டமும்கூட. மாலையில் மழை பிடிக்கும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் ஈரத்தில் வழுக்கும், அவற்றின்மேல் வளைக்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம்.

துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையை ஒட்டிய கடலோரச் சைக்கிள் பாதை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, சமதளமும்கூட. வார இறுதிகளில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் தூண்டில் போடுபவர்களும் நிறைந்திருப்பார்கள். தொடக்கத்தில் வார நாட்களே நல்லது. குவீன்ஸ்பேவரை என்று இலக்கு வைக்காதீர்கள். பத்து நிமிடம் போய், பத்து நிமிடத்தில் திரும்புங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். நடையையும் சேர்த்து வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; அதை எட்ட உங்களுக்கு மூன்று மாதம் ஆனால் ஆகட்டும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

சாதாரணச் சாலையில் சைக்கிளுக்கு இடமுண்டு, ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. ஒலி எழுப்புகிறார்களே என்று ஓரத்துக் கால்வாய்க்குள் ஒண்டாதீர்கள்; இடப்பக்கமாக, ஆனால் நேர்க்கோட்டில் போங்கள். ஜார்ஜ்டவுன் தெருக்களில் நிறுத்தியிருக்கும் கார்களின் கதவு திடீரென்று திறக்கும். ஒரு கதவு அகலம் தள்ளியே ஓட்டுங்கள். அந்தத் தெருக்கள் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். பின்னாளில் பாலிக் புலாவின் வயல்வெளிச் சாலைகள் அருமையாக இருக்கும். ஆனால் அங்கே போகும் மலைச்சாலை செங்குத்தும் வளைவுமாக இருப்பதால், சைக்கிளைக் காரில் ஏற்றிச் செல்லுங்கள்.

பாலத்தைப் பற்றி வருத்தமான செய்தி. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வழி உண்டு, மிதிவண்டிக்கு வழக்கமான நாட்களில் அனுமதி இல்லை. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம், கனரக வண்டிகள், கடற்காற்று. அனுமதி இருந்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் தங்கையைப் பார்க்கும் ஆசையை விட வேண்டாம். படகில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம். படகுத்துறையிலிருந்து தங்கை வீடு எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை. குறுகிய, சமதளச் சாலையென்றால் சில மாதங்களில் அது நடக்கக்கூடியதே.

மகனும் கணவரும்

மகன் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள் முழங்காலுக்கும் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான், மழையிலும் புகைமூட்டத்திலும் அதுவே உதவும். வாங்கித் தருவதானால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் சமநிலைப் பயிற்சி இல்லை, வெயிலும் கடலும் மனிதர்களும் இல்லை. நாற்பது ஆண்டு கழித்து உங்களை வண்டியில் ஏற வைத்தது எது என்று உங்களுக்குத் தெரியும். அது வரவேற்பறையில் கிடைக்காது என்றும் தெரியும். மகனிடம் சண்டை போடுவதைவிட அந்த மாலையில் நடந்ததை அவரிடம் முழுதாகச் சொல்லுங்கள். மறைத்தால் அவர் பயம் கூடும். கிளினிக்குக்குப் போனேன், மாத்திரை விஷயத்தைப் பேசினேன், வேறு வண்டி பார்க்கிறேன், தனியாகப் போவதில்லை என்று சொன்னால், அவருடைய பெரும்பாலான ஆட்சேபங்களுக்கு அதிலேயே விடை இருக்கிறது. உங்கள் உடலைப் பற்றிய முடிவு உங்களுடையது. அனுமதி கேட்கும் தொனியில் பேச வேண்டாம், தகவல் சொல்லும் தொனியில் பேசுங்கள்.

கணவரை எதிராளியாக வைக்காமல் வேலை கொடுங்கள். முதல் சில வாரம் கடலோரப் பாதையில் அவர் நடக்கட்டும். நீங்கள் அவரைச் சுற்றி ஓட்டுங்கள். சர்க்கரைப் பொட்டலமும் அளவுமானியும் அவர் பையில் இருக்கட்டும். தாழ்நிலையில் நீங்கள் மயங்கினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் நடக்க வேண்டிய வயதுதான்.

கோயிலில் சிரித்தவரைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. தோட்டத்தில் அப்பாவின் வண்டியை எடுத்து ஓட்டிய சிறுமியைப் பார்த்தும் அன்று யாராவது சிரித்திருப்பார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காக நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள நேரத்தில் விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள்.

விரத நாட்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிளிக்கிளாசைடு சாப்பிடும்வரை, உணவைத் தவிர்க்கும் நாளில் சைக்கிள் வேண்டாம். தைப்பூசத்துக்காக 48 நாள் சைவ உணவோடு இருப்பது வேறு. மூன்று வேளையும் சாப்பிடுவதானால் ஓட்டத் தடையில்லை. ஒரு பொழுது மட்டும் சாப்பிடும் விரதமென்றால் சைக்கிளுக்கு முன்பே மாத்திரை பற்றிய கேள்வி எழுகிறது. சாப்பிடாத வேளையில் அந்த மாத்திரையைப் போடுவதே ஆபத்து. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, எந்த நாளில் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரதம் முடித்துச் சாப்பிட்ட பின் கணவரோடு சிறிது தூரம் நடக்கலாம். தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை மட்டும் அன்று நிதானமாக, கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள்.